டிஸ்க் மாற்றியும் பிரேக் சரியில்லையா? பெடல் சொல்வதைக் கேளுங்கள்!

'எங்களுடையது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய ஜீப். டிரம் பிரேக் இறக்கத்தில் சூடேறிப் பிடிக்காமல் போகிறது என்று, முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் மாற்றினோம். மாற்றிய நாளிலிருந்து பெடல் பஞ்சு போல இருக்கிறது. மெக்கானிக் மூன்று முறை ஏர் எடுத்துவிட்டார். பழைய டிரம்மே தேவலாம் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?'

தேனி மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி இது. வேளாண் பத்திரிகையில் பிரேக்குக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் கூலியாட்கள் போய்வருவது ஜீப்பில்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபியும் மலைவாழையும் இறங்குவதும், 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலைச் சாலையில் மிளகும் பலாவும் இறங்குவதும் பழைய வண்டிகளில்தான். மலை விவசாயிக்கு மண்வெட்டி எப்படியோ, ஜீப்பும் அப்படித்தான். மண்வெட்டிக் காம்பு உடைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரின் கதி என்ன? அதனால்தான் இந்தக் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லாமல் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரேக்கைப் பிரித்து மாட்டுவது மெக்கானிக்கின் வேலை. கோளாறு எங்கே இருக்கலாம் என்று தெரிந்துகொண்டு அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பது வண்டிக்காரரின் வேலை. இலை மஞ்சளானதும் கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கி அடிப்பவர் உண்டு. தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரில் நீர் தேங்கியதா என்று பார்த்துவிட்டு அடிப்பவரும் உண்டு. பிரேக்கிலும் அடையாளத்தைப் பார்த்துத்தான் காரணத்துக்குப் போக வேண்டும். அந்த அடையாளத்தை முதலில் காட்டுவது பெடல்.

டிரம் வேறு, டிஸ்க் வேறு

பெரும்பாலான பழைய ஜீப்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சுழலும் டிரம்முக்கு உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து உராய்கின்றன. உருண்டு வரும் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால், சக்கரமே ஏறி அந்தக் கட்டையை இறுக்கிக்கொள்ளும் அல்லவா? அதுபோல, முன்னோக்கி இருக்கும் ஷூவை டிரம்மின் சுழற்சியே உள்ளே இழுத்து இறுக்குகிறது. காலால் கொஞ்சம் அழுத்தினாலே நிறையப் பிடிப்பு கிடைப்பது இதனால்தான். ஆனால் உள்ளே எழும் சூடு வெளியேற வழி குறைவு. ஓடையில் இறங்கி ஏறினால் தண்ணீரும் சேறும் உள்ளேயே தங்கும்.

டிஸ்க்கில் ஒரு இரும்புத் தட்டு திறந்த வெளியில் சுழல்கிறது. அதை இருபுறமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. காற்று படுவதால் சூடு சீக்கிரம் ஆறும். தண்ணீரும் உடனே சிதறிப்போகும். இறக்கத்துக்கு டிஸ்க் நல்லது என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் டிரம்மில் சக்கரமே செய்துகொடுத்த உதவி டிஸ்க்கில் கிடைக்காது. அந்தக் குறையை ஈடுகட்ட ஆயில் அழுத்தம் அதிகம் வேண்டும். காலிபரின் பெரிய பிஸ்டனைத் தள்ள ஆயிலின் அளவும் அதிகம் வேண்டும்.

இந்த இரண்டையும் கொடுக்க வேண்டியது மாஸ்டர் சிலிண்டர். டிஸ்க், காலிபர், பேடு மூன்றையும் மாட்டிவிட்டு, டிரம்முக்காகச் செய்த பழைய மாஸ்டரை அப்படியே விட்டுவிடுவதுதான் பல வண்டிகளில் கோளாறின் தொடக்கம்.

ஒரு சின்னக் கணக்கு

மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சிரிஞ்சில் லேசாக அழுத்தினாலே மருந்து வேகமாகப் பீச்சும், ஆனால் அளவு கொஞ்சம்தான். பருத்த சிரிஞ்சில் அளவு நிறைய, ஆனால் விரலுக்குப் பலம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரும் அப்படித்தான்.

பெடலை 20 கிலோ பலத்தில் மிதிக்கிறீர்கள். பெடலின் நெம்புகோல் அதை ஆறு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டரின் பிஸ்டன் மீது 120 கிலோ விழும். மாஸ்டரின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் என்றால், ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 42 கிலோ அழுத்தம் கிடைக்கும். பிஸ்டன் 30 மில்லிமீட்டர் நகர்ந்தால் தள்ளும் ஆயில் சுமார் 8.5 மில்லி. உள்விட்டம் 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம் என்றால் ஆயில் 15 மில்லி வரும். அழுத்தம் 24 கிலோவாகக் குறைந்துவிடும்.

சிறிய மாஸ்டரில் ஆயில் பற்றாது. பெடல் ஆழமாக இறங்கும். பெரிய மாஸ்டரில் அழுத்தம் பற்றாது. பெடல் கல்லாக இருக்கும். பெரிய மாஸ்டரோடு பூஸ்டரும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். கிட் வாங்கும்போது, 'இந்தக் காலிபருக்கு எத்தனை அளவு மாஸ்டர், பூஸ்டர் வேண்டுமா?' என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

பெடல் பஞ்சு போல இருந்தால்

ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். பெடல் பஞ்சாக இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வாசகரின் வண்டியில் மூன்று முறை ஏர் எடுத்தும் சரியாகவில்லை. அப்படியானால் பார்க்க வேண்டியது, காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். அதனால் நிப்பிள் காலிபரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். அப்புறம் முப்பது முறை ஏர் எடுத்தாலும் ஆயில்தான் வரும். மேலே தங்கிய காற்று வராது. டிஸ்க் மாற்றிய வண்டிகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நிப்பிள் சரியாக இருந்தும் பஞ்சாக இருந்தால், மாஸ்டரின் ஆயில் வழிகளை அடைப்பு போட்டு மூடிவிட்டுப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் மேலேயே கெட்டியாக நின்றால் மாஸ்டர் நல்லது. காற்று அதற்கு அப்பால் இருக்கிறது. அப்போதும் பஞ்சாக இருந்தால் காற்று மாஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. புது மாஸ்டரை வண்டியில் பூட்டும் முன், வெளியே வைத்து ஆயில் ஊற்றி ஏர் எடுத்துவிட வேண்டும்.

ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் பிடித்தால்

இங்கே பலர் டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். கோளாறு பின்னால் இருக்கும். பின் சக்கர டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமானால், அதை நிரப்பவே முதல் மிதி செலவாகிவிடும். முதலில் பின் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

அடுத்தது முன் சக்கர பேரிங். பேரிங் ஆடினால் டிஸ்க்கும் ஆடும். ஆடும் டிஸ்க் பேடுகளை உள்ளே தள்ளிவிடும். குண்டும் குழியுமான தோட்டத்துச் சாலையில் ஓடிய பிறகு மட்டும் பெடல் ஆழமாகப் போகிறதென்றால், பேரிங்கையும், டிஸ்க் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஹப்பில் துருவைச் சுரண்டாமல் டிஸ்க்கை மாட்டினாலும் தட்டு கோணலாகச் சுற்றும்; மிதிக்கும்போது பெடல் துடிக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் பெடல் ஆழமாகவே போனால், மாஸ்டர் சிறியது.

காலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குவது வேறு நோய். ஒன்று, எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே கசிவு இல்லையென்றால் மாஸ்டருக்குள் வாஷர் தேய்ந்து ஆயில் பின்வாங்குகிறது. இந்த அடையாளம் தெரிந்தால் அந்த வண்டியை அன்றைக்கு மலைக்கு எடுக்கவே கூடாது.

பெடல் கல் போல இருந்தால்

மிதித்தால் இறங்கவும் இல்லை, வண்டி நிற்கவும் இல்லை என்றால் அழுத்தம் பற்றவில்லை. பூஸ்டர் போடாத வண்டியா, போட்டும் வேலை செய்யவில்லையா என்று பாருங்கள். சோதிப்பது எளிது. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் வாக்குவம் வரவில்லை.

பெட்ரோல் இன்ஜினில் இந்த வாக்குவம் இன்ஜினிலிருந்தே கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் அப்படிக் கிடைக்காது; தனி வாக்குவம் பம்ப் வேண்டும். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் இருக்கும். பழைய டீசல் ஜீப்புக்குப் பூஸ்டர் மாட்டிவிட்டுப் பம்ப் வைக்காவிட்டால், அந்தப் பூஸ்டர் வெறும் சுமைதான். பம்ப் இருந்தால் ரப்பர் ஹோஸில் வெடிப்பு, ஒருவழி வால்வு, பெல்ட் தளர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மிதித்தது விடவில்லை என்றால்

வண்டி இழுக்கத் திணறும், சக்கரம் கொதிக்கும், கருகிய வாசனை வரும். டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு. காலிபரில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மயிரிழை அளவு பின்னுக்கு இழுப்பதுதான். எனவே குழாயில் கொஞ்சம் அழுத்தம் தங்கினாலும் பேடு உரசிக்கொண்டே இருக்கும்.

பல பழைய டிரம் மாஸ்டர்களில் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஒரு சிறு வால்வு உண்டு. டயருக்குக் காற்று பிடிக்கும் கணக்கில் சொன்னால் சுமார் 10 இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அது பகை. மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, காலிபரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் மட்டும் ஆயில் திரும்பி ஓடாமலிருக்க டிஸ்க் குழாயில் 2 அளவுள்ள வால்வு வைப்பார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க வரிசை உண்டு. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. பெடலை மிதித்து விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், மாஸ்டரில் முன் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். சக்கரம் விடுபட்டால் குற்றம் மாஸ்டர் பக்கம்: ஒன்று அந்த வால்வு, அல்லது புஷ் ராடில் இடைவெளி இல்லை. பெடலை விட்டபின் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால்தான் ஆயில் திரும்ப வழி திறக்கும். நட்டைத் தளர்த்தியும் விடாமல், காலிபர் நிப்பிளைத் தளர்த்தியதும் விட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. அதற்கும் விடவில்லையென்றால் காலிபர் பிஸ்டனோ, காலிபர் நகரும் பின்னோ துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. பிரேக் ஒரு பக்கம் இழுப்பதற்கும் இந்தச் சிக்கிய பின் ஒரு முக்கியக் காரணம். சோதனை முடிந்ததும் நட்டுகளை இறுக்கி, மறுபடி ஏர் எடுத்த பிறகே வண்டி நகர வேண்டும்.

பின் சக்கரம் முதலில் வழுக்கினால்

இதுதான் ஆளைக் கொல்லும் கோளாறு. முன் டிஸ்க்குக்காக அழுத்தத்தைக் கூட்டுகிறோம். அதே அழுத்தம் பின் டிரம்முக்கும் போகிறது. இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்துவிடுவதால் பின் சக்கரம் தரையில் லேசாகத்தான் ஊன்றியிருக்கும். அது உடனே பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டியின் வால் பக்கவாட்டில் சுழலும். ஈரச் சாலையில் கொண்டை ஊசி வளைவில் இது நடந்தால் ஸ்டியரிங்கால் எதுவும் செய்ய முடியாது.

இதற்குப் பின் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்து அளவு செய்ய வேண்டும். முன் குழாயில் அந்த வால்வை வைக்கக் கூடாது. குழாயை நசுக்கிவிடுவதும், பின் பிரேக்கை வேண்டுமென்றே தளர்த்தி வைப்பதும் வைத்தியமல்ல. சரிசெய்த பிறகு, ஆளில்லாத சமதளத்தில், குறைந்த வேகத்தில், மெக்கானிக்கை வைத்து அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பின் சக்கரத்துக்கு முன்பாக முன் சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தாதீர்கள்

டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டும் வழக்கம் நம் மலைகளில் இன்னும் இருக்கிறது. பூஸ்டர் இல்லாத பழைய வண்டியிலேயே அது ஆபத்து. பூஸ்டர் மாட்டிய வண்டியில் அதைவிடப் பெரிய ஆபத்து. இன்ஜின் நின்றால் வாக்குவம் பம்பும் நின்றுவிடும். பூஸ்டரில் தேங்கிய வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அடுத்த மிதியில் பெடல் கல்லாகிவிடும். வண்டியை ஓட்டும் தம்பியிடம் இதைச் சொல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பாதி வேலையை இன்ஜின் செய்யும், மீதியைப் பிரேக் செய்யட்டும். டிஸ்க் போட்டதால் இந்த விதி மாறவில்லை.

புது பேடு டிஸ்க்கில் படிந்து பிடிக்க நாளாகும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் சமவெளியில் ஓட்டிவிட்டு மலைக்கு எடுங்கள். பட்டறையை விட்டு வரும்முன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, ஹோஸ் டயரிலோ ரிம்மிலோ உரசாமல், விறைக்காமல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மாஸ்டரின் அளவு, காலிபர், பேடு எந்த வண்டியுடையவை என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் பேடு மாற்ற நேர்ந்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

வாசகர் கேள்விகள்

*அவசரத்துக்கு டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலைப் பிரேக்குக்கு ஊற்றலாமா?*

கூடவே கூடாது. ஹைட்ராலிக் ஆயிலும் இன்ஜின் ஆயிலும் கனிம எண்ணெய்கள். பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். ஊற்றியிருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். குழாய் முழுவதையும் கழுவி, ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். மூடியில் எழுதியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலையே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள்.

*பின் சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுவிடலாமா?*

ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பின் டிரம்மிலேயே ஹேண்ட் பிரேக் இருந்தால், டிரம்மைக் கழற்றும்போது அதுவும் போய்விடும். சரிவில் நிறுத்திச் சுமை ஏற்றும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் இல்லாமல் ஆகாது. முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் நன்றாக அட்ஜஸ்ட் செய்த டிரம் என்பதே நம் வேலைக்குப் போதும்.

*டிஸ்க் மாற்றுவதற்கு அனுமதி வாங்க வேண்டுமா?*

வண்டியில் செய்யும் மாற்றங்கள் பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு சொல்கிறது. கிட்டுக்குப் பணம் கொடுக்கும் முன், ஆர்.சி. புத்தகத்தோடு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆள் ஏற்றிப்போகும் வண்டிக்கு இது மிகவும் முக்கியம். விபத்து நடந்த பிறகு இந்தக் கேள்வியை அவர்கள் நம்மிடம் கேட்பதைவிட, முன்பே நாம் அவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது.